சிலையும் சிலையடியும்

நகரங்களில் நிறுவப்படும் சிலைகளையும் தூண்களையும் வளைவுகளையும் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து மிக எளிமையானது. அவை நகருக்கு அழகூட்டுவன. முன்னோருக்கு மரியாதை செய்வன. அதற்கு மேல் அவற்றைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை என்பதே அக்கருத்து. ஒரு சிலை திறக்கப்படும்போது மாலைகள் விழுகின்றன, சொற்பொழிவுகள் நிகழ்கின்றன, மறுநாட் பத்திரிகையில் படம் வெளிவருகிறது. அதன்பின் சிலை வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. மக்கள் அதைக் கடந்து தத்தம் தொழிலுக்குப் போகிறார்கள். புத்தகத்திற்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்திற்கு விமர்சனம் எழுதுகிறோம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கண்ணிற் படும் இக்கலைப் படைப்புகளை விமர்சிப்போர் மிகச் சிலரே.

இப்புறக்கணிப்பு நியாயமானதன்று. புத்தகத்தை விரும்பினால் திறக்கலாம், விரும்பாவிடின் மூடிவிடலாம். நாடகம் பிடிக்கவில்லையெனில் பாதியிலே எழுந்து வரலாம். சந்தியிலே நிற்கும் சிலையின் முன் அவ்வுரிமை எவருக்கும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் சிறுமியும், சந்தைக்கு மரக்கறி கொண்டு போகும் பெண்ணும், தவறணையிலிருந்து திரும்பும் தொழிலாளியும் அதைப் பார்த்தேயாக வேண்டும். நம்மைக் கேளாமலே வந்து நம் மனத்திற் குடியேறுங் கலை அது. ஆதலால் பிற கலைகளிலும் பார்க்கக் கடுமையான விமர்சனத்திற்கு அது உரியது. அதை நிறுவியவர் யார்? அது எதை நினைக்கச் சொல்கிறது? எதை மறக்கச் சொல்கிறது? அதன் கீழே நின்று மக்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது? யாழ்ப்பாணத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே நமது நோக்கம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே இடங்களுக்குப் பெயரிடும் முறை ஒன்றுண்டு. ஆலடி, புளியடி, அரசடி, நாச்சிமார் கோயிலடி என்கிறோம். மரமோ கோயிலோ எதுவாயினும், மக்கள் பெயரிடுவது அதன் உச்சியைக் கொண்டன்று. அதன் அடியைக் கொண்டே. நிழலுக்கு ஒதுங்குமிடம் அது. பேருந்துக்குக் காத்து நிற்குமிடம் அது. ஊர்ச் செய்தியும் வம்பும் வழக்கும் பேசப்படுமிடம் அது. சிலைக்கும் இதே விதிதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடி என்றும் சிலையடி என்றும் சொல்லும்போது, அந்தப் படைப்பு நகரத்து வாழ்வினுள்ளே எவ்வாறு சேர்ந்துகொண்டது என்பதை மக்கள் தம்மையறியாமலே கூறிவிடுகிறார்கள்.

நிறுவுவோரின் கண் உச்சியிலே இருக்கிறது: எவருடைய உருவம், எத்தனை அடி உயரம், கையில் என்ன ஆயுதம் என்பனவே அவர்தம் கவலை. மக்களின் வாழ்வோ அடியிலே நிகழ்கிறது. ஒரு பொதுக்கலைப் படைப்பு உண்மையிலே பொதுவானதா என்பதை அதன் உச்சியில் உள்ள உருவத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. அதன் அடியில் யார் நிற்கலாம், நின்று என்ன செய்யலாம் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழையும் கருத்து இதுவே.

★

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கு முற்றவெளியிலும் பொருத்தமான இடம் வேறில்லை. நகரின் தென்மேற்கு விளிம்பில், கடனீரேரியை அண்டி, நானூறு ஆண்டுக் கால அதிகாரங்கள் யாவும் அவ்வெளியைச் சூழத் தத்தம் அடையாளத்தை நாட்டியுள்ளன.

முதலிற் கோட்டை. 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தொடங்கியதை, 1658இல் வந்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிற் பெருப்பித்துக் கட்டினர். அக்கோட்டை கலைப்படைப்பாகக் கருதிக் கட்டப்பட்டதன்று. எனினும் அதன் முன்னே பரந்து கிடக்கும் வெளிக்கு அதுவே காரணம். கோட்டைக்கு முன்னால் வருவோரைத் தெளிவாகக் காணவும், வேண்டுமாயின் சுடவும் வசதியாக நிலம் வெறுமையாக விடப்படுவது கோட்டை கட்டுவோரின் பொது விதி. மக்கள் கூடுவதற்காகப் பிறந்த வெளி அன்று அது. மக்களைக் குறிபார்ப்பதற்காகப் பிறந்த வெளி. பின்னாளில் மக்களே அதைக் கூட்டத்திற்கும் விளையாட்டிற்கும் விழாவிற்கும் உரிய களமாக மாற்றிக்கொண்டனர்.

அடுத்தது மணிக்கூட்டுக் கோபுரம். 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகத் திட்டமிடப்பட்டு, ஸ்மிதர் என்னுங் கட்டடக் கலைஞரின் வரைபடத்தின்படி 1882இல் நிறைவேறியது. ஆளும் முடியின் புகழைப் பாட எழுந்த கோபுரம் அது. ஆயினும் அந்த இளவரசரை இன்று நினைப்பார் எவருமில்லை. மக்கள் அக்கோபுரத்திடம் கேட்டது நேரத்தை மட்டுமே. சந்தைக்கு வந்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தது இளவரசரின் பெருமையை அன்று, மணியை. போரிலே சிதைந்த அக்கோபுரம் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மீண்டும் திருத்தப்பட்டபோது நகர மக்கள் மகிழ்ந்தது முடியாட்சியின் மீது கொண்ட பற்றினாலன்று. நின்றுபோன நகரின் நேரம் மறுபடி ஓடத் தொடங்கியதாக அவர்கள் உணர்ந்தமையினாலேயே மகிழ்ந்தனர். உச்சியின் நோக்கத்தை அடியின் வாழ்வு வென்றுவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, யாழ்ப்பாணப் பொது நூலகம். அதன் தோற்றுவாய் அரசனோ தேசாதிபதியோ அல்லர். 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறுவருடம் வாடகைக் கட்டடத்தில் சில நூறு நூல்களோடு நூலகம் திறந்தது. பின்னர் மக்களின் நிதியும் உழைப்புஞ் சேர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தின்படி, நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையுடன், 1959ஆம் ஆண்டு வெண்ணிறக் கட்டடம் எழுந்தது. முன்றலிற் சரசுவதி சிலை. நடுவிலே குவிமாடம். அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதென்று கருதப்பட்ட கம்பீரம், வாசிக்க வரும் ஒரு சாதாரண மாணவனுக்காக நாட்டப்பட்டது. கோட்டையை எதிர்நோக்கி நின்ற அக்கட்டடம், படையால் மட்டுமே ஒரு நகரம் பெருமை பெறுவதில்லை என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் அடி மூடப்படாத அடி, படியேறி உள்ளே போகலாம், இருந்து படிக்கலாம்.

அதனாலேதான் அது எரிக்கப்பட்டது. 1981 மே 31ஆந் திகதியிலிருந்து யாழ். நகரில் பொலிஸ் படையினர் நடத்திய வெறியாட்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின என்பது உலகறிந்த செய்தி. அதே நாட்களில் நகரிலே நின்ற தமிழ்ப் பண்பாட்டு, சமயப் பெரியோரின் சிலைகளும் உடைக்கப்பட்டன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். எரித்தவர்களும் உடைத்தவர்களும் கலை விமர்சகர்களல்லர். எனினும், ஒரு நகரத்து மக்களின் தன்மதிப்பு எந்தக் கல்லில், எந்தக் கட்டடத்தில் உறைந்திருக்கிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பொதுக்கலை வெறும் அலங்காரமே என்று இன்றும் சொல்வோருக்கு அந்நெருப்பே மறுமொழி.

அந்நூலகத்தை மீளக் கட்டும்போது எழுந்த விவாதம் நமது பொருளுக்கு நேரே தொடர்புடையது. கருகிய சுவரை அப்படியே சான்றாக விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். பழைய வடிவிலே புதுக்க வேண்டுமென்று மற்றொரு சாரார் கூறினர். 1998இல் தொடங்கிய அரசின் புனரமைப்பு, 2003இல் திறப்பு விழாவை ஒட்டிய சர்ச்சையினால் மாநகரசபை உறுப்பினர் எல்லாரும் பதவி விலகும் நிலை வரை சென்றது. ஈற்றில் நூலகம் திறந்தது. பிள்ளைகள் மீண்டும் படிக்கிறார்கள். அது நன்மையே. ஆயினும் வெள்ளையடித்த சுவரில் ஒரு கரும்புகைத் தடமேனும் இல்லை. கட்டடம் மீண்டது, சான்று மறைந்தது. இரண்டையும் ஒருங்கே காப்பது கலைஞரின் கைக்கு இயலாத காரியமன்று. மக்களையும் கலைஞரையும் உரிய காலத்திற் கேட்டிருந்தால் அதற்கு வழி பிறந்திருக்கும்.

நூலகத்திலிருந்து சிறிது தூரத்தில், வீரசிங்கம் மண்டபத்தின் அருகே, 1974ஆம் ஆண்டின் நினைவுச்சின்னம் நிற்கிறது. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளாகிய ஜனவரி 10ஆந் திகதி, வெளியிலே திரண்டிருந்த மக்கள் மீது பொலிசார் பாய்ந்தபோது மின்கம்பி அறுந்து விழ, உயிர்கள் பலியாயின. கேட்க வந்தவர்கள் அவர்கள்; தமிழறிஞரின் பேச்சைக் கேட்கத் தரையிலே அமர்ந்திருந்தவர்கள். அச்சின்னத்தின் சிற்ப வேலைப்பாட்டில் வியப்பதற்கு அதிகமில்லை. ஆண்டுதோறும் அதன் அடியிலே மக்கள் கூடிச் சுடரேற்றுவதாலேயே அது உயிரோடிருக்கிறது. இப்படிப்பட்ட கூடுதல் இன்றி வெறுமே உயர்ந்து நிற்கும் தூண்கள் பல, எவ்வளவு சிறப்பாகக் கட்டப்பட்டவையாயினும், வழிப்போக்கனுக்கு மின்கம்பத்திலும் பார்க்கச் சற்று உயரமான கம்பங்களாகவே தோன்றுகின்றன.

★

யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் வருபவர் முதலிற் சந்திக்கும் பொதுக்கலை எது என்பதையும் நாம் நோக்க வேண்டும். கிளிநொச்சியிலே, எறிகணை துளைத்து வெடித்த கொங்கிறீற்றுப் பாளம். அதன் மேல் மலர்ந்த தாமரை. ஆனையிறவிலே, இலங்கை வரைபடத்தை ஏந்தி உயரும் கைகள். அதன் மேல் ஒரு மலர். இரண்டும் போர் முடிந்தபின் இராணுவத்தின் வெற்றியைக் குறிக்க எழுந்தவை. பாளம் என்பது யார், மலர் என்பது யார் என்று விளக்கம் எழுதத் தேவையில்லை; இவ்வழியாலே பிரயாணஞ் செய்யுந் தமிழ்ப் பிள்ளைக்கு அது தானே விளங்கிவிடுகிறது. தனது வீட்டு வாசலிலே தோல்வியின் அறிவித்தல் கல்லில் எழுதப்பட்டிருப்பதை அப்பிள்ளை வாசிக்கிறது. தென்னிலங்கையிலிருந்து சுற்றுலா வரும் ஏழைக் குடியானவனின் பிள்ளையோ அங்கே நின்று படம் எடுக்கிறது. போரிலே மாண்ட தன் அண்ணனைப் போன்ற எளிய இளைஞர் எத்தனை பேர், எதற்காக மாண்டனர் என்ற வினாவை அந்த மலர் அப்பிள்ளையிடமிருந்தும் மறைத்துவிடுகிறது. வெற்றிச் சின்னம் வென்றவர் பக்கத்து ஏழைக்கும் உண்மை சொல்வதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யாழ். பல்கலைக்கழக வளாகத்திலும் கைகள் உண்டு. முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூபியிலே, அமிழ்ந்து போவோர் உயர்த்திய கைகளை நாம் காண்கிறோம். ஆனையிறவின் கைகள் ஒரு நாட்டைத் தூக்கிப் பிடிக்கின்றன. இக்கைகள் தம்மைத் தூக்கிவிடும்படி கேட்கின்றன. ஒரே உறுப்பு, ஒரே காலத்துப் போர், இரு வேறு பேச்சு. 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவு, அனுமதி பெறாத கட்டடம் என்ற காரணம் கூறி, இத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி பரவிய அவ்விரவே மாணவரும் பொதுமக்களும் பல்கலைக்கழக வாயிலிலே திரண்டனர். மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். வடக்குக் கிழக்கிலே கடையடைப்பு நிகழ்ந்தது. மூன்று நாளில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏப்ரில் 23இல் தூபி மறுபடி திறக்கப்பட்டது. இடிக்கப்படுமுன் அது மாணவரின் சின்னமாயிருந்தது. இடிக்கப்பட்ட பின்னரே மக்கள் அனைவரின் சின்னமாயிற்று. மக்கள் நின்று காத்த அடி அது.

கோப்பாயில் வரலாறு வேறாக முடிந்தது. போரிலே மாண்ட பிள்ளைகளைப் பெற்றோர் விதைத்த துயிலுமில்லம் ஒருமுறைக்கு இருமுறை அழிக்கப்பட்டது. 2011இல் அந்நிலத்திலே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. அப்பிள்ளைகள் எந்த அரசியலுக்காகப் போராடினார்கள், அந்த அரசியல் சரியா தவறா என்பது விவாதத்திற்குரியது. அவ்விவாதத்தை நாம் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் தாய் ஒருத்தி தன் மகனின் தலைமாட்டிலே இருந்து அழுவதற்கு அரசியல் அனுமதிச் சீட்டுக் கேட்பது மனிதப் பண்பாகாது. கல்லறையை அழிப்பவன் கல்லை மட்டும் அழிக்கவில்லை. அழுவதற்குரிய இடத்தை நகரத்திலிருந்து நீக்கிவிடுகிறான்.

★

இங்கே நம்மவர் சிலர் கூறும் மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அவர்கள் உயர்த்தினால் நாமும் உயர்த்துவோம். அவர்கள் மன்னரை வைத்தால் நாமும் நம் மன்னரை வைப்போம் என்பது அம்மறுப்பு. முத்திரைச் சந்தியிலே 1974இல் நாட்டப்பட்ட சங்கிலியன் சிலை இவ்வுணர்வின் வெளிப்பாடே. அது அகற்றப்பட்டு 2011இல் புதிய சிலை திறக்கப்பட்டபோது அதன் தோற்றம் பற்றி எழுந்த வாதமும் அவ்வுணர்வின் தொடர்ச்சியே. ஒடுக்கப்பட்ட இனம் தன் இறந்தகாலத்திலே தலைநிமிர்ந்த ஒருவனைத் தேடுவது இயல்பு. அதை நாம் ஏளனஞ் செய்யோம். ஆயினும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். மன்னன் குதிரை மீதிருக்க, குதிரைக்குப் புல் வெட்டியவன் எங்கே? மாளிகைக்குச் சுண்ணாம்புக் கல் சுமந்தவன் எங்கே? அவர்களுக்குச் சிலையில்லை. பொதுவெளியில் நாம் வைக்கும் உருவங்கள் எல்லாம் அரசரும் புலவரும் தலைவருமாகவே இருந்தால், தன் கையால் உழைக்கும் மனிதன் தன் சொந்த நகரிலே எப்போதும் அண்ணாந்து பார்ப்பவனாகவே இருப்பான்.

சென்னைக் கடற்கரையிலே தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. பெயரற்ற நால்வர், ஒரு பாறையைப் பெயர்க்கத் தம் முழு உடலையும் கொடுத்து முயல்கிறார்கள். இந்தியாவிலே முதலாவது மே நாளை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய நகரம் அது. அங்கே செல்லும் கூலித் தொழிலாளி தன் முதுகையும் தன் தோளையும் வெண்கலத்திலே காண்கிறான். நமது குடாநாட்டிலே பனை ஏறுபவனின் தளைநாரும், வலை இழுக்கும் மீனவனின் தோளும், தோட்டத்திலே துலா மிதித்த கால்களும் சிற்பிக்குப் பொருளாகத் தோன்றாமற் போனதேன்?

நகரத்தின் மௌனங்களை இன்னும் உற்றுக் கேட்டால் இரண்டு மௌனங்கள் பெரிதாய் ஒலிக்கின்றன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், பொலிஸ் தடியடியையும் தாண்டி யாழ். நகரை அடைந்து முற்றவெளியிலே கூட்டமாய் முடிந்தது. தேநீர்க் கடையிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் மனிதனாக நிற்கும் உரிமைக்காக எழுந்த அந்த அணிவகுப்பு, 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் வரை வளர்ந்தது. முற்றவெளியின் வரலாற்றிலே மிகச் சிறந்த நாட்களுள் அது ஒன்று. அதன் தடத்தைக் காட்டும் ஒரு கல்லை அவ்வெளியிலே தேடினாற் கிடைப்பதில்லை.

மற்றது 1990 ஒக்டோபர் 30. அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சோனக தெருவில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர், உடுத்த உடையுடன் நடந்தனர். சரியாக ஐந்தாண்டின் பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேற, வலிகாமத்துத் தமிழ் மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஒரே திகதியிலே இரு இடப்பெயர்வு. முதலாவதற்கு நாம் குற்றவாளிக் கூண்டிலே நிற்கும் சமூகம். இரண்டாவதற்கு நாம் பாதிக்கப்பட்ட சமூகம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே கல்லில் சொல்லத் துணியும் நாளிலேயே யாழ்ப்பாணத்தின் பொதுக்கலை முதிர்ச்சியடைந்தது என்று கொள்ளலாம். தன் காயத்தை மட்டும் காட்டும் நகரம் பிறர் காயத்திற்கு முன் நாக்கிழந்து நிற்கிறது.

★

அப்படியாயின் மக்கள் கலையாக அமையும் பொதுக்கலை எவ்வாறு இருக்கும்? அதற்கு மாதிரி தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நமது கிராம வீதிகளிலே சுமைதாங்கிகள் நின்றன. சில இன்றும் நிற்கின்றன. நட்ட கல் இரண்டு. குறுக்கே கிடத்திய கல் ஒன்று. தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறத்தக்க உயரம். கருவுற்ற நிலையிலே இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். சுமையோடு மாண்டவளுக்கு நினைவு, சுமையோடு வருபவனுக்கு ஆறுதல். அவள் பெயரை அறியாதவனும் அவளுக்கு நன்றி செலுத்திவிட்டே போகிறான். அருகே மாடு உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக் கல், குடிக்கக் கேணி. பருத்தித்துறையில் தெருவையே மூடி நிற்கும் தெருமூடி மடம், நடுவே வீதியை விட்டு இருபுறமும் திண்ணையை அமைத்து, வெயிலில் வருபவனை இருத்தி அனுப்பியது. நினைவும் பயனும் பிரியாத கலை இது. இதற்கு உச்சியென்று ஒன்றில்லை, முழுவதும் அடியே.

இம்மரபைக் கண்மூடிப் போற்றவும் நாம் ஒருப்படோம். கேணியிலே யார் தண்ணீர் அள்ளலாம், மடத்துத் திண்ணையிலே யார் இருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. தாகந் தீர்க்கக் கட்டிய கேணியே தாகத்தோடு ஒருவனைத் துரத்தியது. ஆகவே மரபிலிருந்து நாம் எடுக்கவேண்டியது அதன் வடிவத்தின் அறிவை; விலக்கவேண்டியது அதன் வாசற் காவலை.

அண்மைக் காலத்திலும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகச் சென்றது. மக்கள் அதிலே தம் துயரைத் தாமே கண்டு பேசினர். நாடகம் முடிந்த பின்னும் அவ்விடம் அவர்கள் நினைவில் ஓர் அரங்காகவே நின்றது. கல்லின்றியும் ஓர் இடத்தின் பொருளை மாற்றலாம் என்பதை அது காட்டியது. 2004இல் புதுக்கப்பட்ட பொது நூலகத்திலே 'அகம் புறம்' என்னும் ஓவிய, சிற்பக் கண்காட்சி நிகழ்ந்தபோது, தா. சனாதனன் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து மக்கள் தாமே தெரிந்து கொடுத்த போர்க்காலப் பொருள்களைத் திரட்டி வைத்தார். நூல் எரிந்த இடத்திலே மக்களின் வாழ்வே நூலாக அடுக்கப்பட்டது. கலைஞன் அங்கே மக்களுக்காகப் பேசவில்லை. மக்கள் பேசுவதற்கு அடுக்குத் தட்டு அமைத்துக் கொடுத்தான்.

பிறநாட்டிலும் இச்சிந்தனை வேரூன்றியுள்ளது. ஜேர்மனியில் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹார்பர்க்கிலே, யோகென் கெர்ஸ், எஸ்தர் ஷலேவ்-கெர்ஸ் என்னும் இருவர் 1986இல் பாசிசத்திற்கு எதிரான தூண் ஒன்றை நிறுவினர். பன்னிரண்டு மீற்றர் உயரம். ஈயத் தகடு போர்த்தது. வழிப்போக்கர் அதிலே தம் பெயரைக் கீறிக் கையெழுத்திடலாம். எட்டும் உயரம் நிறைய நிறையத் தூணை மண்ணுக்குள் இறக்கினர். 1993இல் அது முழுதும் மறைந்தது. அநீதிக்கு எதிராக நமக்காகத் தூண் நின்று போராடாது, நாமே நிற்க வேண்டும் என்பது அதன் பாடம். உயர்த்துவதிலேயே போட்டியிடும் நமக்கு, இறக்கப்பட்ட அத்தூண் சிந்திக்கத்தக்க செய்தியொன்றைத் தருகிறது.

★

2019 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலின் பின் இலங்கை முழுவதிலும் இளைஞர் தூரிகை எடுத்துச் சுவர்களிலே ஓவியந் தீட்டினர். அவ்வலை யாழ்ப்பாணத்திற்கும் வந்தது. தம் நகரைத் தாமே துப்புரவு செய்து வண்ணந் தீட்ட முன்வந்த அவ்விளைஞரை நாம் பாராட்டுகிறோம். கூலி வாங்காமல் வெயிலிலே நின்ற உழைப்பு அது. ஆனால் சுவர் கிடைத்ததும் கையிலே வருவது பனையும் மாட்டுவண்டியும் கோபுரமுமாகவே இருப்பின், அது நகரைப் பார்த்து வரைந்ததாகாது. நகரத்தைப் பற்றிய நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்ததாகும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைக் கையிலேந்தி வீதியோரம் இருக்கும் தாய் அச்சுவரில் இல்லையெனில், அவ்வோவியம் யாரை மகிழ்விக்கத் தீட்டப்பட்டது என்று அன்போடு கேட்பது நம் கடமை.

இக்கேள்வி அரச மட்டத்திலும் எழுந்துவிட்டது. நூலகத்திற்கு அண்மையில், புல்லுக்குளத்தருகே, இந்திய அரசின் நன்கொடையாகப் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் எழுந்து 2023 பெப்ரவரியிலே கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்னும் பெயர் விடுபட்டதென்று மக்கள் கண்டித்தனர். பின்னர் ஊர்ப்பெயர் சேர்க்கப்பட்டது. வள்ளுவரை எவர் வெறுப்பர்? வெறுப்பு வள்ளுவர் மீதன்று. தம் நகரின் நடுவிலே நிற்கும் கட்டடத்தின் பெயரைத் தாம் செய்தியிலே வாசித்து அறியவேண்டிய நிலையின் மீதே அவ்வெறுப்பு. கொடுப்பவர் நல்லவரே ஆயினும், கேளாமற் கொடுத்தது பொதுவாகாது.

எனவே மாநகரசபையும் பிரதேச சபைகளும் ஏற்க வேண்டிய சில நெறிகளை நாம் முன்வைக்கிறோம். பொது நிலத்திலே எந்தச் சிலையும் வளைவும் எழுமுன், அதன் மாதிரியுருவைப் பொது நூலகத்திலே வைத்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். எவர் பணம், எவர் தீர்மானம், எவர் கைவேலை என்பவை அதன் அடியிலே எளிய தமிழில் எழுதப்பட வேண்டும். சிற்பியின் பெயரை விட்டுத் திறந்து வைத்தவரின் பெயரை மட்டும் பொறிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இரும்பு வேலி அடைத்து மக்களைத் தூர நிறுத்துவதை விடுத்து, நிழல் மரமும் இருக்கையும் குடிநீரும் சிலையடியிலே அமைய வேண்டும். எந்த நினைவுச்சின்னத்தின் அடியிலும் அழுவதற்கும் கூடுவதற்கும் தடை விதிக்கலாகாது. 1966இன் ஊர்வலத்தையும் 1990இன் வெளியேற்றத்தையும் குறிக்கும் சின்னங்கள் எழ வேண்டும். அவற்றின் வடிவத்தை அவ்வூர்வலத்தில் நடந்தோரின் வழிவந்தோரும், சோனக தெருவுக்குத் திரும்பி வந்தோரும் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் சபையின் தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரப் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் வகுப்பறையை விட்டுச் சந்திக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சிலையின் அடியிலும் அரைமணி நேரம் பிள்ளைகளை நிறுத்துங்கள். அங்கே யார் இருக்கிறார், யார் விரைந்து போகிறார், யார் வருவதேயில்லை என்பதை அவர்கள் குறிக்கட்டும். தம் தெருவிலே எதற்கு ஒரு கல் நாட்ட வேண்டும் என்று எழுதட்டும். அவ்வெழுத்துக்களை மாநகரசபைக்கு அனுப்புங்கள். தன் நகரத்தின் கற்களைக் கேள்வி கேட்கப் பழகிய தலைமுறை, அக்கற்களை நாட்டும் அதிகாரத்தையும் கேள்வி கேட்கத் தயங்காது. மக்கள் தம் சுமையை இறக்கி வைத்து நிமிர்ந்து நிற்கத்தக்க அடிகள் யாழ்ப்பாணத்திலே எழ வேண்டுமாயின், அவற்றுக்கு முதற் கல்லை அப்பிள்ளைகளின் கேள்விகளே நாட்டும்.